நான்கு காம்பையும் அவிழ்த்தவள் நான்

பலெர்மோ நகரக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், 1997ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் திகதி புதன்கிழமை, விசாரணை அதிகாரியின் முன்னால் தமிழில் சொல்லப்பட்டது. தமிழில் எழுதியவரும் இத்தாலியனுக்கு மாற்றுபவரும் மொழிபெயர்ப்பாளர் தில்லையம்பலம்.

பெயர்: மரியாம்பிள்ளை அகஸ்ரீனா. வயது: அறுபத்து மூன்று. பிறந்த இடம்: பேசாலை, மன்னார், இலங்கை. இருப்பிடம்: கால்சாவில், துறைமுகத்துக்குப் பின்பக்கத் தெரு, மூன்றாம் மாடி, பேத்தி அமலினியுடன். தொழில்: ஒட்டகப் பண்ணையில் துப்புரவும் சமையலும். படிப்பு: ஐந்தாம் வகுப்பு. பெர்மெஸ்ஸோ (வதிவிட அனுமதி): உண்டு, காட்டப்பட்டது.

மேற்படி நான் சொல்வதாவது:

என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. நானாக வந்தேன். நேற்றுக் காலை உங்கள் ஆட்கள் பண்ணைக்கு வந்து, அங்கே ஒட்டகம் பார்க்கிற சோமாலியாக்காரரான இத்ரிஸ் என்பவரைக் கொண்டுபோனார்கள். அவர் வேண்டுமென்றே ஒட்டகத்தின் பாலை இல்லாமற் செய்து, வெளியூர் விருந்தாளிகள் முன்னால் தன்னை நட்டப்படுத்தியதாகப் பண்ணைச் சொந்தக்காரர் சிஞ்ஞோர் தந்தில்லோ முறைப்பாடு கொடுத்திருக்கிறாராம். அது பிழை. அதைச் செய்தது நான். இத்ரிசுக்கு வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், பெர்மெஸ்ஸோ போனால் அவரைச் சண்டை நடக்கிற ஊருக்கு ஏற்றிவிடுவீர்கள். ஆகையால் நான் செய்ததை ஒன்றும் விடாமல் சொல்ல வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. இந்தக் கடைசி வசனத்தை எழுதவேண்டாம் என்று தில்லையம்பலம் தம்பி சொன்னார். "அம்மா, இதைப் போட்டால் கரைச்சல் உங்களுக்குத்தான்" என்றார். "கரைச்சல் எனக்குத்தானே தம்பி, உமக்கில்லையே. எழுதும்" என்றேன். எழுதியிருக்கிறார்.

பண்ணை மொண்டெல்லோவுக்குப் போகிற வழியில் மலையடியில் இருக்கிறது. துனிசிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒட்டகங்கள் அங்கே நிற்கின்றன. மழை குறைந்த நாடுகளில் ஒட்டகம் மேய்ப்பவர்களை வரவழைத்து, நோய் வராமல் வளர்ப்பது எப்படி, பாலைத் திரையவிடாமல் சந்தைக்குக் கொண்டுபோவது எப்படி, தரகன் சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் ஊராகச் சேர்ந்து நின்று விற்பது எப்படி என்று படிப்பித்து அனுப்புவதற்காக அது தொடங்கப்பட்டது. நல்ல வேலை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. படிப்பித்தவர் மிருக வைத்தியரான இனெஸ் என்ற பெண். அவர் வகுப்பு நடத்துகிறபோது நான் பின்பக்கத்தில் நிலம் துடைப்பேன். துடைப்பம்தான் கையில் இருந்தது, காதில் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே எனக்கும் பாடம் தெரியும்.

ஒருநாள் அவர் ஒட்டகத்துக்குக் காம்பு நான்கு, இரண்டு கன்றுக்கு, இரண்டு மனிதருக்கு, மனிதர் நான்கையும் எடுத்தால் கன்று சாகும், கன்று செத்தால் மந்தை பெருகாது, மந்தை பெருகாவிட்டால் விற்க ஒன்றும் இருக்காது என்று சொன்னார். வந்திருந்த மேய்ப்பர்கள் சிரித்தார்கள். இதை எங்கள் தகப்பன்மாரே சொன்னார்கள், இதற்காகவா கடல் கடந்து வந்தோம் என்று ஒருவர் கேட்டார். இனெசும் சிரித்தார். உங்கள் தகப்பன்மார் சொன்னதை ரோமில் இருப்பவர்கள் நம்பவேண்டுமென்றால் நான் அதை நிறுத்துப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது என்றார். அதன் பிறகு கன்றுகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றிக் காட்டினார். இரண்டு காம்பு குடித்த கன்றுகள் கால் உதைத்துக்கொண்டு தராசில் நிற்கமாட்டேன் என்றன. அது எனக்குப் பிடித்தது.

ஒட்டகத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று அதிகாரி கேட்டார். மன்னாரில் பெருக்கமரங்கள் நிற்கின்றன. அவற்றை ஒட்டகங்களோடு வந்த அராபியர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். மரத்தைக் கண்டிருக்கிறேன், ஒட்டகத்தைக் கண்டதில்லை. அங்கே கழுதைதான் உண்டு. ஆனால் நான் மாடும் ஆடும் வளர்த்தவள். கன்றுக்கு விடாமல் கறந்த பாலை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் பண்ணையில் தெரிந்துகொண்டதுதான்.

சீமாட்டி என்று நான் கூப்பிடுகிற ஒட்டகம் மாசி மாதம் கன்று ஈன்றது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் கீழாகப் பார்ப்பதால் அந்தப் பெயர் வைத்தேன். பதிவில் அதற்கு ஓர் இலக்கம்தான் இருக்கிறது. அதைக் கறப்பது இத்ரிசின் வேலை. நான் முதல்முறை வாளியோடு கிட்டப் போனபோது அவர் கையை விரித்து மறித்தார். எங்கள் ஊரில் பெண்கள் ஒட்டகம் கறப்பதில்லை மம்மா, ஆண்கள்தான் கறப்பது என்றார். எங்கள் ஊரில் ஆண்கள் கறக்க வந்தால் மாடே சிரிக்கும் என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வழி விட்டார். ஆனால் அன்று சீமாட்டி எனக்குப் பால் விடவில்லை. உதைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கன்றுக்கு முகம் துடைத்துவிடுகிற சாட்டில் போய் நின்றேன், பங்குனி முடிவதற்குள் அது என்னையும் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது.

இனெஸ் பிள்ளைப்பேற்றுக்காகப் பங்குனி நடுவில் தன் ஊருக்குப் போனார். அவர் போன கிழமையே சிஞ்ஞோர் தந்தில்லோ இத்ரிசைக் கூப்பிட்டு, சீமாட்டியின் நான்கு காம்பையும் நூலால் கட்டவேண்டும், கன்றைப் பால் இறங்குவதற்கு மட்டும் கிட்டக் கொண்டுவந்து காட்டிவிட்டு இழுத்துவிடவேண்டும், அதன் பிறகு நான்கையும் கறக்கவேண்டும் என்று சொன்னார். ஒட்டகத்துக்கென்று செய்த கறவை இயந்திரம் ஒன்றை அவர் வாங்கி வைத்திருக்கிறார். மே மாதத்தில் ரோமிலிருந்தும் துனிசிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், ஒரே ஒட்டகத்தில் இவ்வளவு பால் என்று வாளியைக் காட்டினால் இயந்திரத்தை வறண்ட நாடுகளுக்கெல்லாம் எடுப்பார்கள் என்பது அவருடைய திட்டம். கன்றுக்குப் போத்தலில் மாப்பால் கொடுக்கச் சொன்னார். மாப்பால் குடித்த கன்றுக்குக் கழிச்சல் பிடித்தது. பின்னங்கால் இரண்டும் நனைந்தபடியே நிற்கும். நான் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொடுத்தேன். மடுமாதாவின் பதக்கம் ஒன்றை அதன் கழுத்தில் கட்டினேன். இத்ரிஸ் வேதம் வேறென்றபடியால் கழற்றிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியத்தை எங்களுக்கும் தெரியும், இருக்கட்டும் என்றார்.

இத்ரிஸ் ஏன் கட்டினார் என்று கேட்கிறீர்கள். நானும் அவரிடம் கேட்டேன். நான் மாட்டேன் என்றால் சிஞ்ஞோர் வேறு ஆளைக் கொண்டுவருவார் மம்மா, அவன் இறுக்கிக் கட்டுவான் என்றார். அவர் நூலுக்குக் கீழே ஆட்டுரோமம் வைத்துத்தான் கட்டினார். கட்டி முடித்ததும் பைப்படிக்குப் போய்க் கை கழுவுவார். வெகுநேரம் கழுவுவார். தண்ணீர் வீணாகிறது என்று நான் ஒருநாள் சொன்னபோது, இந்த வாளியைப் பார்க்கிறவர்கள் போய் எங்கள் ஆட்களிடம் சொல்வார்கள், எங்கள் ஆட்கள் நம்புவார்கள், நான்கையும் கட்டுவார்கள், அங்கே கன்றுக்குப் போத்தலும் இல்லை மாவும் இல்லை என்றார்.  ஆனால் என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. இதற்குக் கீழே கோடு கீறி எழுதும் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.

நான் சிஞ்ஞோரிடம் நேரிலே போனேன். மறைவாக எதையும் தொடங்கவில்லை. கன்று செத்துவிடும், இரண்டையாவது அவிழ்த்து விடுங்கள், உங்கள் பண்ணையின் பாடமே அதுதானே என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், நொன்னா, நீங்கள் கோப்பியைப் பாருங்கள் என்றார். என்னை நொன்னா என்று கூப்பிட என் பேத்தி இருக்கிறாள், உங்களுக்கு நான் சிஞ்ஞோரா அகஸ்ரீனா என்றேன். அவர் சிரித்தார். கோப்பி கொண்டுபோய் வைத்தேன். சீனி போடவில்லை.

திங்கட்கிழமை, அதாவது பன்னிரண்டாம் திகதி, விருந்தாளிகள் வருகிற நாள். மடி நிறைந்து தெரியவேண்டுமென்று முதல்நாள் பின்னேரமே கட்டுவித்து, அதன் பிறகு கறக்கவேண்டாம் என்று சிஞ்ஞோர் சொல்லியிருந்தார். நான் விடிய முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். இத்ரிஸ் விருந்தாளிகளை ஏற்றிவர வான் வண்டியோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். சிஞ்ஞோர் லிபெர்த்தாவிலுள்ள தன் வீட்டில் இருந்தார். பண்ணைக்குள்ளே நான் மட்டும்தான். இதற்குச் சாட்சி தேவையென்றால் வாசற்காவலாளியைக் கேளுங்கள், திறப்பை என் கையில் தந்தவர் அவர்தான்.

நான் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். கன்று கத்துவது கேட்கவில்லை. அதற்கு முந்திய நாட்களில் கத்தும். அன்று கத்தவில்லை. போய்ப் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் கன்று படுத்திருந்தது, அந்தப் பக்கம் சீமாட்டி கழுத்தை வேலிக்கு மேலால் நீட்டி அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. நான் படலையைத் திறந்து கன்றைத் தூக்கி நிறுத்தினேன். அதன் பிறகு சீமாட்டியின் மடிக்குக் கீழே குந்தியிருந்து மாதா பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வலப்பக்கத்துக் காம்பு இரண்டையும் அவிழ்த்தேன். இத்ரிசின் முடிச்சு இலேசாகவே கழன்றது. கன்று முதலில் மோந்து பார்த்தது. அதன் பிறகு குடித்தது. வாலை ஆட்டுகிற பலம் அதற்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆட்டியது.

அந்த இரண்டும் முடிந்ததும் அது மற்றப் பக்கம் போய்க் கட்டியிருந்த காம்புகளைத் தலையால் முட்டியது. நான் யோசித்தேன். யோசியாமல் செய்தேன் என்று எழுதினால் எனக்கு நல்லது என்று தம்பி சொன்னார். யோசித்துத்தான் செய்தேன். பாடத்தின்படி மிச்சம் இரண்டும் மனிதருக்கு. அன்றைக்கு அந்தப் பாலுக்கு உரிமை சொல்லக்கூடிய மனிதர் எவரும் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டையும் அவிழ்த்தேன். கன்று குடித்து முடித்து வைக்கோலில் சரிந்து படுத்தது. அதன் பிறகு நான் நான்கு காம்பையும் திரும்பக் கட்டினேன். என்னை மறைக்கக் கட்டவில்லை. அவிழ்ந்து கிடந்தால் சிஞ்ஞோர் முன்னதாகவே கண்டு கறந்து காட்டுவதை வேறு நாளுக்குத் தள்ளிவிடுவார், வந்தவர்கள் பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் போய்விடுவார்கள் என்பதற்காகக் கட்டினேன்.

பத்து மணிபோல விருந்தாளிகள் வந்தார்கள். ரோமிலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும், துனிசிலிருந்து மீசை நரைத்த ஒருவர். சிஞ்ஞோர் வெகுநேரம் பேசினார். அதன் பிறகு இத்ரிசை நூலை எடுக்கச் சொன்னார். இத்ரிஸ் குனிந்து முடிச்சில் கை வைத்தார், வைத்த கையை எடுத்தார். அது தன்னுடைய முடிச்சில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சமையலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். முடிச்சு கழலவில்லை. இடுப்பிலிருந்த கத்தியால் நூலை அறுத்து எறிந்தார். இயந்திரத்தைப் பூட்டினார்கள். அது இழுத்தது, சத்தம் போட்டது, குழாய்க்குள் நுரை கொஞ்சம் வந்தது. வாளியின் அடி நனையவில்லை. சிஞ்ஞோர் விசையைக் கூட்டச் சொன்னார். சீமாட்டி வழக்கம்போல எல்லோரையும் கீழாகப் பார்த்தது. அப்போது துனிசுக்காரர் சிரித்துக்கொண்டு கன்றைக் காட்டினார். கன்று வாயெல்லாம் காய்ந்த பாலோடு வயிறு புடைக்க உறங்கிக்கொண்டிருந்தது. பால் இயந்திரத்தைவிட நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது என்று அவர் சொன்னதாக இத்ரிஸ் பின்னர் எனக்குச் சொன்னார்.

சிஞ்ஞோர் எல்லோர் முன்னிலையிலும் இத்ரிசின் சட்டையைப் பிடித்தார். நீதான் விட்டாய் என்றார். இத்ரிஸ் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கோப்பித் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தேன். தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு, நான்தான் செய்தேன், அவனை விடுங்கள் என்றேன். சிஞ்ஞோர் விருந்தாளிகளிடம் திரும்பி, வயது போனவ, இந்த ஆளில் பாசம், ஒட்டகத்துக்குக் கிட்டப் போகவே பயப்படுவா என்றார். நான் பயப்படுவதாக அவர் சொன்னது பச்சைப் பொய். இதையும் முறைப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் ஆட்கள் வந்தபோது இத்ரிஸ் பொலிஸ் வான் வண்டியில் ஏறும் முன்னர் என்னைப் பார்த்து, மம்மா, வாய் திறக்கவேண்டாம் என்றார். எனக்குச் சொல்ல நீ யார் என்றேன். வீட்டுக்கு வந்து பேத்திக்குச் சொன்னேன். அமலினி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினாள்.

"அம்மம்மா, போகாதேங்கோ. உங்கட பெர்மெஸ்ஸோவையும் பறிச்சுப்போடுவாங்கள். அந்தாள் உங்களுக்கு ஆர்?"

"ஒருத்தருமில்லை. அதுதான் போறன். சொந்தக்காரன் எண்டால் பொய் சொல்லுறன் எண்டு நினைப்பாங்கள்."

"மத்தோ, உங்களுக்கு மத்தோ" என்று தலையில் கைவைத்தாள். விசர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இன்று காலை லிபெர்த்தாவில் தான் வேலை செய்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான். வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதிகாரி முதலில் என்னை நம்பவில்லை. சிஞ்ஞோர் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்த அறுத்த நூல்களை எடுத்து மேசையில் வைத்து, இவை இத்ரிஸ் கட்டியவை என்று எழுதியிருக்கிறதே என்றார். நான் முடிச்சைப் பார்க்கச் சொன்னேன். அது வலை பொத்துகிற முடிச்சு. பேசாலையில் கடற்தொழில் செய்கிற வீட்டுப் பெண்பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு பழகுவது. இத்ரிஸ் கடலைக் கண்டதே இந்த நாட்டுக்கு வருகிற வழியில்தான். அதிகாரியிடம் நூல் கேட்டேன். சப்பாத்துக் கயிறு தந்தார். அதை அவருடைய இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டினேன். அவர் மற்றக் கையால் அவிழ்க்கப் பார்த்தார், பல்லால் பார்த்தார், அதன் பிறகு தில்லையம்பலம் தம்பியைப் பார்த்தார். "அம்மா, போதும், அந்தாளின்ர விரல் நீலமாகுது" என்று தம்பி சொன்னார். கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார்கள். வெட்டிய முடிச்சையும் பையிலிருந்த முடிச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு என்னை நம்பினார்.

நம்பிய பிறகு அவர் வேறொன்று சொன்னார். இத்ரிஸ் சொல்லித்தான் செய்தேன் என்று ஒரு வரி சேர்த்தால், வயது போனவ, விவரம் தெரியாதவ என்று என்னை இப்போதே வீட்டுக்கு அனுப்பலாம், பெர்மெஸ்ஸோவிலும் கை வைக்கமாட்டார்கள் என்றார். தம்பி அதை மொழிபெயர்த்துவிட்டு, தன் பங்குக்கும் "யோசியுங்கோ அம்மா" என்றார். எனக்கு ஒட்டகத்தின் காம்பை அவிழ்க்க ஓர் ஆம்பிளை சொல்லித்தரவேண்டியதில்லை. அந்த வரியை நான் சேர்க்கமாட்டேன். அப்படி ஒரு வரி இந்தத் தாளில் எங்காவது இருந்தால் அது நான் சொன்னதில்லை.

திரும்பவும் இப்படிச் செய்வீர்களா என்று கடைசியாகக் கேட்டார். அந்தக் கன்று இன்னும் பால் மறக்கவில்லை. அது மறக்கும்வரைக்கும் செய்வேன். சிஞ்ஞோர் என்னை வேலையால் நிறுத்தினால் வேலிக்கு வெளியே நின்று கத்துவேன். இனெஸ் பிள்ளையோடு திரும்பி வரும்போது எல்லாவற்றையும் அவருக்கும் சொல்வேன். வாளியைப் பார்க்க வந்த அந்த நான்கு பேருக்கும் விலாசம் கிடைத்தால், அவர்களுக்கும் அமலினியைக்கொண்டு எழுதுவிப்பேன். நிரம்பாத வாளியைத்தான் அவர்கள் வறண்ட நாடுகளில் போய்ச் சொல்லவேண்டும்.

இதெல்லாம் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நடந்தது இதுதான். எவருடைய பயமுறுத்தலும் ஆசைவார்த்தையும் இல்லாமல் கொடுத்தேன் என்று தம்பி எழுதப்போனார். பயமுறுத்தல் இல்லை என்பதை அப்படியே இருக்க விடச் சொன்னேன். ஆசைவார்த்தை இல்லை என்பதை வெட்டச் சொன்னேன். இருந்தது, மேலே எழுதியிருக்கிறது.

தாளின் அடியில் சாட்சி என்று அச்சடித்த கோட்டில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். நான் பேனையைக் கீழே வைத்தேன். சாட்சியாக நான் வைத்தால் குற்றவாளியாக இன்னொருவர் இருக்கவேண்டும். அதிகாரி தம்பியோடு வெகுநேரம் கதைத்தார், எழும்பி வெளியே போனார், இத்ரிசின் பெயர் எழுதிய கோப்போடு திரும்பி வந்து அதை மூடி ஓரமாக வைத்தார். அதன் பிறகு சாட்சி என்ற சொல்லைத் தன் கையாலேயே வெட்டி, முத்திரை குத்தி, பக்கத்தில் வேறு சொல் எழுதினார். தம்பி அதைத் தமிழில் கீழே எழுதியிருக்கிறார். பெருவிரலுக்கு மை கொண்டுவந்தார்கள். தேவையில்லை என்றேன்.

சந்தேகநபர்: மரியாம்பிள்ளை அகஸ்ரீனா (கையெழுத்து)